பதினாலாம் பாகம்

செல்லக்கனியின் புருஷன் தவசிமுத்து, வானத்துக்குப் போய் முப்பத்தொரு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, மேலெல்லாம் நீலம் பூசி, முகத்தில் கட்டம் விழுந்து, சங்குமேட்டு உப்பளத்துக்குத் திரும்பி வந்தான். அவனோடு போன மற்ற நாலு பேரும் முகத்தோடு வந்தார்கள். இவன் மட்டும்தான் முகமில்லாமல் வந்தான். ஊரில் யாரும் அதற்காக வாயைப் பிளக்கவில்லை. வருகிறவர்கள் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் கூட ரெண்டு படி அரிசி போட்டிருப்பேனே என்று பக்கத்து வீட்டுப் பூவம்மாள் சலித்துக்கொண்டதோடு சரி.

அவர்கள் போன கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் 'துருவன் கலம்' என்று ஒரு தொடர் வந்தது. துருவன் என்கிற வீரன் தன் விண்கலத்தில் கோள் கோளாகப் போய் அங்கங்கே உள்ள அநியாயத்தைத் தட்டிக் கேட்டுவிட்டு வருவான். ஒவ்வொரு வாரமும் ஒரு கோள், ஒவ்வொரு கோளிலும் ஓர் அநியாயம். பதின்மூன்றாம் பாகத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு கோள் தேவைப்பட்டது, செலவில்லாமல் வெள்ளையாக இருக்கிற இடம் உப்பளம்தான் என்று எவனோ சொல்லியிருக்கிறான், அவர்கள் ஒட்டுப்பலகையும் தகரமும் ஜிகினாத்தாளுமாக ஒரு விண்கலத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு சங்குமேட்டுக்கு வந்து இறங்கினார்கள். கோளின் மக்களாக நடிக்க உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களில் அஞ்சு பேரைப் பொறுக்கினார்கள். கொண்டுவந்த சாயம் பத்தாமல் போகவே, வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை ரெண்டு வாளித் தண்ணீரில் கரைத்து அவர்கள் தலையில் ஊற்றினார்கள். துருவன் அந்த அஞ்சு பேரையும் அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக் கலத்தில் ஏற்றிக்கொள்ள, கலம் மேலே கிளம்பிப் போகிறது என்று கதையில் எழுதியிருந்தது. எழுதியிருந்தபடியே கலம் கிளம்பியது. ஒட்டுப்பலகை கிறீச்சிட, ஜிகினாத்தாள் வெயிலில் பளபளக்க, உப்பு அம்பாரங்களுக்கு மேலே எழும்பி, வட்டமிட்ட ரெண்டு பருந்துகளைத் தாண்டி, வடகிழக்கு மூலையில் இருந்த ஒரே ஒரு மேகத்துக்குள் நுழைந்து மறைந்தது. அதற்கு முந்தின காட்சியிலேயே துருவனாக நடித்தவருக்கு வேலை முடிந்து அவர் இளநீர் குடிக்கப் போயிருந்ததால் அவர் தப்பினார். காட்சி நன்றாக வந்ததென்று இயக்குநர் கைதட்டினார், எல்லாருக்கும் எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள், பொழுது சாயும் முன்னே லாரி போய்விட்டது.

அடுத்த வாரமே விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி விலகிக்கொண்டது. பதினாலாம் பாகத்தை யாரும் எழுதவில்லை. கதை நடுவானத்தில் நின்றுபோனால் அதற்குள் ஏறினவர்கள் மட்டும் எப்படி இறங்குவார்கள்? அஞ்சு குடும்பமும் காவல் நிலையத்துக்குப் போனபோது, ஏட்டையா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கால் தரையை விட்டு எழும்பின மறு நிமிஷத்திலிருந்து அது தன் நிலையத்தின் எல்லைக்குள் வராது என்று சொல்லிவிட்டார். அது நியாயமாகத்தான் ஊருக்குப் பட்டது. அப்புறம் உப்பு வாருகிற வேலை இருந்தது, வெயில் இருந்தது, ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆனது. ஒன்பதாம் வருஷம் நாலு குடும்பங்கள் பேசி முடிவெடுத்து, காணாமல் போனவர்களை இறந்ததாகக் கோர்ட்டில் எழுதி வாங்கி, கருமாதி செய்து, சோறு போட்டுத் தலை முழுகினார்கள். ஒருத்தி மறு கல்யாணம் செய்துகொண்டு ஆறுமுகநேரிக்குப் போனாள்.

செல்லக்கனி மட்டும் செய்யவில்லை. கல்யாணமாகி மூணு வருஷம், பிள்ளையில்லை, வயது இருபத்துநாலு. அவள் பொட்டையும் தாலியையும் வைத்துக்கொண்டு, அம்பத்தஞ்சு வயது வரைக்கும், தலையில் உப்புக் கூடையோடு, புருஷன் ஊருக்குப் போயிருக்கிற பெண்டாட்டி மாதிரியே நடமாடினாள். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கலம் கிளம்பும்போது அவள் கூடையை இறக்காமலேயே பாத்தி வரப்பில் ஓடிவந்தாள். அவன் படியில் ஏறுகிற முதுகைத்தான் பார்த்தாள். கடைசி ரெண்டு படி இருக்கையில் அவன் திரும்பினான், அந்நேரம் பார்த்து வியர்வையும் உப்பும் கண்ணில் இறங்கிக் கண் எரிந்து மூடிக்கொண்டது. பஞ்சாயத்துத் தொலைக்காட்சியில் அந்தப் பாகம் வந்த ஞாயிற்றுக்கிழமையும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், அந்த இடம் வந்தபோது பார்க்க மாட்டாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். பார்த்தவர்களில் பாதிப் பேர் அவன் அழுதான் என்றார்கள். பாதிப் பேர் வேறு மாதிரிச் சொன்னார்கள். அடிகுழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பூவம்மாள், "உள்ளதச் சொன்னா என்ன மதினி, எங்க வீட்டு அவிய அழுதுட்டுப் போனாவ, ஒங்க வீட்டு அவிய சிரிச்சிட்டுத்தான் போனாவ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். செல்லக்கனி குடத்தால் அடித்தாள். பூவம்மாளுக்கு நெற்றியில் நாலு தையல். இருபத்துமூணு வருஷம் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, நடுவில் ஒரு மண்சுவர்தான் இருந்தும். பிறகு பூவம்மாள் மகனுக்குக் கல்யாணம் வந்தபோது பேசிக்கொண்டார்கள்.

அவனை இழுத்துக்கொண்டு போனார்களா, அவனாகப் போனானா? இழுத்துக்கொண்டு போயிருந்தால் அவள் காத்திருந்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அவ்வளவுதான் அவள் கேள்வி, அதற்குள்தான் அவள் ஆயுசே இருந்தது.

இப்படி இருக்கையில் முப்பத்தொரு வருஷம் கழித்து எவனுக்கோ பழசின் மேல் ஆசை வந்து 'துருவன் கலம்' மறுபடியும் கிளம்பியது. புதுத் துருவன், கம்ப்யூட்டரில் செய்த கலம், எல்லாம் புதுசு. விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறோம், பதினாலாம் பாகத்தில் அந்த அஞ்சு பேரும் சொந்தக் கோளுக்குத் திரும்புகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, சென்னையிலிருந்து ஷர்மிளா என்று ஓர் உதவி இயக்குநர் காகிதக் கட்டோடு வந்தாள். பழைய படத்திலிருந்து அந்த முகங்களை எடுத்துப் பயன்படுத்த வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும், கூடவே இறப்புச் சான்றிதழ் வேண்டும். நாலு குடும்பம் போட்டுக்கொடுத்தது. செல்லக்கனி, சாகாதவருக்கு எந்தச் சான்றிதழை நான் எங்கே போய் வாங்குவேன் என்று கேட்டுக் காகிதத்தைத் தொடாமலே திருப்பி அனுப்பினாள். ஷர்மிளா நல்ல பெண், வற்புறுத்தவில்லை. கம்பெனி வக்கீல்கள், கையெழுத்து இல்லாத முகத்தை மட்டும் மறைத்துவிடுங்கள் என்றார்கள். செய்தியில் பிடிபட்டவன் முகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கலைத்துக் காட்டுவார்களே, அந்த மாதிரி.

ஒளிபரப்பானது; கதையில் கலம் இறங்கியது; அதே நிமிஷத்தில் உப்பளத்திலும் இறங்கியது. அஞ்சு பேர், போன வயதிலேயே, சொட்டு நீலம் சொட்டச் சொட்ட இறங்கி ஊருக்குள் நடந்து வந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. துணை நடிகர்களுக்கு அன்றைக்கும் வசனம் இல்லை, இன்றைக்கும் எழுதவில்லை, எழுதாத வசனத்தை அவர்கள் எப்படிப் பேசுவார்கள்?

செல்லக்கனி வாசலில் நின்றாள். நடையைப் பார்த்தாள், இடது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது, அது அவன்தான். கழுத்துக்கு மேலே மாநிறமும் கறுப்பும் நீலமுமாகக் கட்டங்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவள் ஒன்றும் கேட்காமல் காலுக்குத் தண்ணீர் கொடுத்து, வாழையிலை போட்டு, இருந்த சோற்றையும் நெத்திலிக் குழம்பையும் பரிமாறினாள். கரண்டி எடுத்துப் போடப் போட, சோறு அந்தக் கட்டங்களுக்குள் போய் மறைந்தது. சாப்பிட்டு முடித்தவன் இலையைத் தன் பக்கமாக மடித்தான். கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கம் மடிப்பார்கள், இந்த உறவு இன்னும் வேண்டும் என்று. சாவு வீட்டில் எதிர்ப்பக்கம் மடிப்பார்கள், இது இனி இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று. செல்லக்கனி அந்த இலையை எடுத்துப் போடக் கொல்லைப்புறம் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள். சந்தோஷமாகத்தான் அழுதாள்.

ஊர் அவர்களைச் சேர்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. பூவம்மாளின் புருஷன் சுடலைமணிக்கு இருபத்தேழு வயது, அவன் மகன் அருள்ராஜுக்கு முப்பத்துமூணு. அருள்ராஜ் லாரி ஓட்டுகிறவன்; அப்பனைக் கொஞ்ச நாள் கூட அழைத்துப்போய் மூட்டை ஏற்றச் சொன்னான், அப்பன் தொட்ட மூட்டையில் உப்பெல்லாம் நீலமாகவே முதலாளி வேண்டாமென்று துரத்திவிட்டார், அன்றிலிருந்து மகன் அப்பனைப் பார்க்கும்போதெல்லாம் தண்டச்சோறு என்றான். ஆறுமுகநேரிக்காரியின் புருஷன் தினமும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு தடவை வந்து, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் போனாள். ரேஷன் கடையில் செத்தவர்களுக்கு அரிசி கிடையாது என்றார்கள். வானத்திலிருந்து வந்ததை ஊர் ஒரு நாளில் ஒப்புக்கொண்டது, காகிதத்தில் செத்தவர்கள் உயிரோடிருப்பதைத்தான் அதனால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. அந்த வகையில் செல்லக்கனிதான் கெட்டிக்காரி என்று இப்போது எல்லாரும் பேசினார்கள். அவள் புருஷன் ஒருவனுக்குத்தான் பெயர் அட்டையில் இருந்தது, அரிசியும் கிடைத்தது.

முதல் நாற்பது நாள் அவளோடு இப்படித்தான் இருந்தான். கூரையில் ஓட்டை அடைத்தான், கோழிக்கூட்டுக்குக் கதவு வைத்தான், சொன்னதைச் செய்தான். அவள் பேசுவாள், தன் அம்மா செத்தது, சுனாமியில் பாத்திகள் சேறாகிப் போனது, தனக்குக் கர்ப்பப்பை எடுத்தது எல்லாம் சொல்லுவாள், கட்டங்கள் நெளியும். கேட்டு வருத்தப்படுகிறானா, கொட்டாவி விடுகிறானா, ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கேட்டே விட்டாள். "அன்னைக்கு ஒங்கள இழுத்துட்டுத்தான போனாவ? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்." தலை ஆடினதுபோலவும் இருந்தது, ஆடாததுபோலவும் இருந்தது. கலைந்த முகத்தில் எது மேல் எது கீழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் ஷர்மிளாவுக்குப் போன் போட்டாள். மறுஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருக்கிறது, கையெழுத்து வந்துவிட்டால் அதில் முகத்தைத் திறந்துவிடலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். உயிரோடிருக்கிற ஆளே கையெழுத்துப் போடலாமா என்று செல்லக்கனி கேட்டாள். தாராளமாகப் போடலாம், முகம் தெரிகிற அடையாள அட்டை ஒன்று கூட வைக்க வேண்டும் என்று பதில் வந்தது.

"மொகந்தான் இல்லியேம்மா."

"அப்போ வாரிசுதான் போடணும்மா. அதுக்கு அவர் இறந்திருக்கணும்."

"இந்தா என் பக்கத்துலதான் இருக்காவ, தேங்கா துருவிக்கிட்டு."

"இருக்கட்டும்மா. பேப்பர்ல இறந்தா போதும்."

முப்பத்தொரு வருஷம் ஊரே கூடிக் கேட்டும் போடாத கையெழுத்து அது. ரெண்டு நாள் அவள் யோசித்தாள். மூணாம் நாள் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். அலுவலர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நீல ஆளைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். கூட வந்தவர் என்றாள். நல்லதாகப் போயிற்று, கூட வந்தவரே சாட்சி போடட்டும் என்று அலுவலர் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார். மேற்படி தவசிமுத்து என்பவர் இறந்துவிட்டார் என்பதை நான் நன்கறிவேன் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, தவசிமுத்து தன் பெருவிரலை அழுத்தினான். மைப்பெட்டி தேவைப்படவில்லை, விரலிலேயே நீலம் இருந்தது. அவன் கொஞ்சமும் தயங்கவில்லை என்பதை அவள் பார்த்தாள். பாவம், எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டாள். அவன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன்.

மற்றவர்களுக்குக் கோர்ட்டும் வக்கீலுமாக ரெண்டு வருஷம் இழுத்த காகிதம் இவளுக்குப் பதினெட்டு நாளில் வந்தது. ஊரில் அத்தனை பேருக்கும் அதில் அவ்வளவு அக்கறை.

ஞாயிற்றுக்கிழமை பூவம்மாளும் சுடலைமணியும் வந்து உட்கார்ந்தார்கள். தவசிமுத்து செல்லக்கனிக்கு வலப்பக்கம் பாயில் உட்கார்ந்தான். அவள் புதுச்சேலை கட்டியிருந்தாள். பத்து மணிக்குத் தொடர் ஆரம்பித்து, பாட்டு முடிந்து, பழைய கதையைச் சுருக்கிக் காட்டினார்கள்: வெள்ளை உப்பளம், ஜிகினாத்தாள் கலம், படியில் ஏறுகிற அஞ்சு நீல முதுகுகள். பக்கத்தில் பொரபொரவென்று ஏதோ உதிர்கிற சத்தம் கேட்டது. காய்ந்த உப்பு பொரிந்து உதிர்கிற மாதிரி அவன் முகத்திலிருந்து கட்டங்கள் பாயில் உதிர்ந்துகொண்டிருந்தன. அவள் திரும்பவில்லை. இந்தத் தடவை குனியக் கூடாது, கண்ணை மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

நாலாவதாக ஏறின சுடலைமணி ஊர்ப்பக்கம் திரும்பி வாய்விட்டு அழுதான். அஞ்சாவதாகத் தவசிமுத்து ஏறினான். அவன் கையை யாரும் பிடிக்கவில்லை, பின்னால் யாரும் தள்ளவில்லை. கடைசி ரெண்டு படிக்கு முன்னால் திரும்பினான். வரப்பில் தலையில் கூடையோடு ஒருத்தி ஓடி வருவது மூலையில் எறும்பு அளவுக்குத் தெரிந்தது. அவன் அவளைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, மணியடித்துப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை சிரிப்பதுபோல முகமெல்லாம் சிரித்து, மிச்சமிருந்த ரெண்டு படியையும் ஒரே தாவாகத் தாவி உள்ளே போனான்.

செல்லக்கனி இப்போது பக்கத்தில் திரும்பினாள். அதே முகம், இருபத்தொன்பது வயது, மூக்கோரம் மச்சம். அவன் அவளைப் பார்க்கவில்லை. திரையில் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தான், இனிப்புக்கடை வாசலில் நிற்கிறவன் பார்க்கிற பார்வை. அப்புறம் புதுக்கதை வந்தது, கலம் இறங்கியது, அஞ்சு பேரும் சொந்தக் கோளுக்குத் திரும்பினார்கள். அவன் முகம் தொங்கிப்போனது. திரும்பி வருவதாகக் கதையில் எழுதியிருந்தார்கள், அதனால் வந்திருக்கிறான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சண்டையில்லை, அடியில்லை, ஒரு குறையும் அவள் வைக்கவில்லை. இருந்தும் அவளிடமிருந்து தப்பிப்பது அவனுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்திருக்கிறது.

பூவம்மாள் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "பழைய படம் பாருங்க மதினி, ஒண்ணுமே தெளிவாத் தெரியல" என்றாள்.

"தெரிஞ்சுது மதினி" என்றாள் செல்லக்கனி. "ஒங்கள அன்னைக்கு அநியாயமா அடிச்சிட்டேன்."

அவள் அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. மத்தியானச் சோற்றை வழக்கம்போலப் போட்டாள். மறுநாள் காலையில் ஊர்ப்பெண்கள் நாலு பேர் வந்து, வாசலில் நின்றபடி சுற்றி வளைத்துப் பேச்சை ஆரம்பித்தார்கள். ஆளோடு இருக்கிறதை யாரும் குறை சொல்லவில்லை, காகிதம் என்று ஒன்று வந்த பிறகு தாலியோடு திரிவது முறையில்லையே, நாளைக்கு நல்லது கெட்டதுக்குக் கூப்பிட எங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றார்கள். முப்பத்தொரு வருஷமாக இந்தப் பேச்சை எடுத்தவர்களுக்கெல்லாம் அவளிடம் கிடைத்தது என்ன என்று ஊருக்கே தெரியும், பூவம்மாள் நெற்றியே சாட்சி. அதனால் வந்தவர்கள் ஓட வசதியாகப் படியிறங்கித்தான் நின்றிருந்தார்கள். செல்லக்கனி உரலில் உட்கார்ந்தபடியே, பதினாறாம் நாளைக் கருமாதியாக வைத்துக்கொள்ளலாம், பந்தல்காரனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

குறையில்லாமல் செய்தாள். பந்தல் போட்டு, முறைக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, எண்ணெய் விளக்கு ஏற்றி, படம் இல்லாததால் தொலைக்காட்சிக்கே மாலை போட்டாள். யாராவது வந்து கழற்றட்டும் என்று காத்திருக்காமல் தாலியைத் தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். பொட்டைத் தானே அழித்தாள். பந்தி உட்கார்ந்தபோது முதல் வரிசையில் முதல் இலை தவசிமுத்துவுக்குப் போட்டாள். பருப்பு, அவியல், வடை, பாயசம் என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே பரிமாறினாள். அவன் நன்றாகச் சாப்பிட்டான். பாயசம் ரெண்டாம் தடவை வாங்கிக்கொண்டான்.

எல்லாரும் அவன் எழுந்திருக்கக் காத்திருந்தார்கள், முதல் இலைக்காரன் எழுந்திருக்காமல் மற்றவர்கள் எழுந்திருப்பது மரியாதை இல்லை. செல்லக்கனி பாயச வாளியோடு எதிரில் நின்றாள். எல்லாம் தெரிந்த பிறகும், கருமாதியே செய்த பிறகும், அவள் கண் அவன் கையின் மேலேயே இருந்தது. வந்த அன்றைக்கு மடித்த மாதிரி ஒரு தடவை மடித்துவிட்டால் போதும் என்று இருந்தது அந்தப் பைத்தியக்காரிக்கு. தவசிமுத்து கடைசி விரலையும் நக்கி முடித்து, அவளை நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரித்து, முறைப்படி இலையை எதிர்ப்பக்கமாக மடித்தான்.